செக்ரோலும் பெரட்டும்: ஆய்விதழுக்கு ரெஃபரன்ஸ் எழுதுவது எப்படி

என் அப்பா மலேசியத் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது கணக்கெழுதுபவர். விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் பெரட்டில் அவருக்கு இரண்டே தலைவலிகள். செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் களத்தில் இருக்க மாட்டார். அல்லது ஆள் வந்து நிற்பார், செக்ரோலில் பெயர் இருக்காது. இரண்டில் எது நடந்தாலும் சம்பள நாளன்று சண்டைதான். ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதத் தொடங்கிச் சில வருடங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, எடிட்டர்கள் அனுப்பும் திருத்தக் குறிப்புகளில் பெரும்பகுதி இதே இரண்டு தலைவலிகள்தான் என்று.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதுகலை மாணவன். செம்பனைப் பூக்களில் மகரந்தம் சுமக்கும் வண்டுகளைப் பற்றி அவன் எழுதும் முதல் கட்டுரை. "அக்கா, எல்லாம் முடிஞ்சிருச்சு. ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி. ஒரு மணி நேரத்துல பண்ணிடலாம்தானே?" என்றான். நான் தே தாரிக் கலக்கப் போனேன். ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. மேற்கோள் என்பது இரண்டு இடங்களில் இருக்கும் ஒரே பொருள். கட்டுரையின் உள்ளே, ஒரு வாக்கியத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் வரும். கடைசிப் பக்கத்தில் அந்த அடையாளத்துக்குரிய முழு விவரம் வரும்: யார் எழுதியது, எந்த வருடம், என்ன தலைப்பு, எந்த இதழ், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம். உள்ளே இருப்பது களத்தில் நிற்கும் ஆள். கடைசியில் இருப்பது செக்ரோல். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான் இலக்கணம். மீதி எல்லாம் எந்த இடத்தில் புள்ளி, எந்த இடத்தில் காற்புள்ளி என்ற சங்கதி. ஆனால் அந்தப் புள்ளியும் காற்புள்ளியும்தான் ஆளை அழவைக்கும்.

உலகத்தில் பாணிகள் ஏராளம். ஆரம்பத்தில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, ஆசிரியர் பெயரும் வருடமும் போடும் குடும்பம். இதன் கதை ஒரு நத்தையிலிருந்து தொடங்குகிறது. ஹார்வர்டில் விலங்கியலாளராக இருந்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க், 1881இல் ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டைகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் வருடத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டினார். இன்று ஹார்வர்டு பாணி என்று நாம் சொல்வதற்கு அதுதான் தொடக்கம் என்று கருதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாணிக்கு ஒரே அதிகாரபூர்வக் கையேடு கிடையாது. ஒவ்வொரு இதழும் தனக்கென்று ஒரு ஹார்வர்டு வைத்திருக்கும். அதே குடும்பத்தில் கையேடு வைத்துக் கறாராக நடக்கும் பிள்ளை ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் கழகத்தின் பாணி. 1929இல் சில பக்கக் கட்டுரையாகத் தொடங்கி, 2019இல் ஏழாம் பதிப்பாகத் தடித்த புத்தகமாக வந்திருக்கிறது. பெயர்தான் உளவியல். விவசாயம், கல்வி என்று பல துறை இதழ்களும் அதைத்தான் கேட்கின்றன.

இன்னொன்று, எண் போடும் குடும்பம். 1978இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசி, அடுத்த வருடம் பொதுவான விதிகளை வெளியிட்டார்கள். அதனால் இதற்கு வான்கூவர் பாணி என்றே பெயர். கட்டுரையில் முதலில் வரும் மேற்கோள் 1, அடுத்தது 2. ஒன்றாம் எண் கட்டுரை பத்தாவது பக்கத்தில் திரும்ப வந்தாலும் அதே 1தான். கடைசிப் பட்டியலும் அகரவரிசையில் இல்லாமல் அந்த எண் வரிசையிலேயே போகும்.

ஓர் உதாரணம் இல்லாமல் இது மண்டையில் ஏறாது. எங்கள் ஊருக்குப் பொருத்தமான கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 2013இல் செம்பனையின் முழு மரபணுத் தொகுதியை வாசித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்த வெளிநாட்டினரும். ஆசிரியர்கள் இருபது பேருக்கு மேல். தலைப்பும் நீளம், அதை 'ஆயில் பாம் ஜீனோம்…' என்று சுருக்கிக்கொள்கிறேன். கட்டுரையில் எழுதும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் வரும். இங்கே வடிவத்தை மட்டும் பாருங்கள்.

வான்கூவரில், பல இதழ்கள் ஆறு பேரோடு நிறுத்தச் சொல்லும்:

சிங் ஆர், ஓங்-அப்துல்லா எம், லோ இடி, மனாஃப் எம்ஏ, ரோஸ்லி ஆர், நூக்கையா ஆர், மற்றும் பிறர். ஆயில் பாம் ஜீனோம்… நேச்சர். 2013;500:335–9.

முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி இல்லை. வருடத்துக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதி எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி, நடுவில் இடைவெளியே இல்லை. 335–339 என்பதை 335–9 என்று கஞ்சத்தனமாகச் சுருக்குகிறார்கள். அச்சுக் காகிதம் மிச்சப்படுத்திய காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏபிஏவில் இதே கட்டுரை இப்படித் தொடங்கும்: சிங், ஆர்., ஓங்-அப்துல்லா, எம்., என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். இருபது பேர் வரை எல்லோரையும் எழுத வேண்டும். இருபத்தொன்று அல்லது அதற்கு மேல் என்றால் முதல் பத்தொன்பது பேர், பிறகு மூன்று புள்ளிகள், பிறகு கடைசி ஆசிரியர். அதன் பின் அடைப்புக்குறிக்குள் 2013, தலைப்பு, சாய்ந்த எழுத்தில் நேச்சர் 500 என்று தொகுதியோடு, அடைப்புக்குறிக்குள் இதழ் எண் 7462, பக்கம் 335–339 முழுசாக, கடைசியில் டிஓஐ இணைப்பு (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்). ஆனால் கட்டுரையின் உள்ளே வந்தால் (சிங் மற்றும் பிறர், 2013), அவ்வளவே. மூன்று பேர் ஆனாலே முதல் முறையிலிருந்தே 'மற்றும் பிறர்'தான்.

சரி, இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதே நேச்சர் இதழில், அடுத்த பக்கத்திலிருந்தே, அதே சிங் முதல் ஆசிரியராக இன்னொரு கட்டுரை வந்தது: 340–344, செம்பனைக் கொட்டையின் ஓட்டைத் தீர்மானிக்கும் ஷெல் மரபணு பற்றி. தம்பி இரண்டையும் மேற்கோள் காட்டியிருந்தான். இரண்டுக்கும் (சிங் மற்றும் பிறர், 2013). படிப்பவர் எந்தச் சிங்கைத் தேடிப் போவது? பல ஹார்வர்டு இதழ்களில் 2013ஏ, 2013பி என்று வருடத்தோடு எழுத்து ஒட்டிவிடுவார்கள். ஏபிஏ அப்படி விடாது. ஆசிரியர் வரிசை அச்சாக ஒன்றேயாக இருந்தால்தான் அந்த எழுத்து. இங்கே இரண்டாம் ஆசிரியர்கள் வேறு வேறு. அதனால் வித்தியாசம் தெரியும்வரை பெயர்களைச் சேர்க்கச் சொல்கிறது: (சிங், ஓங்-அப்துல்லா, மற்றும் பிறர், 2013) என்று ஒன்று, (சிங், லோ, மற்றும் பிறர், 2013) என்று மற்றொன்று. பெரட்டில் இரண்டு முனியம்மா நின்றால் அப்பா புருஷன் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவார். அதே யோசனைதான்.

பெயர் என்று வந்துவிட்டது. இதில் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் ரெஃபரன்ஸ் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இந்தப் பாணிகளை உருவாக்கியவர்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு, அது கடைசியில் வரும் என்று நம்பியவர்கள். மலேசியாவில் ஒரே ஆய்வுக்கூடத்தில் நான்கு விதமான பெயர் முறைகள் உட்கார்ந்திருக்கும். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். லிம் வெய் மிங் என்றால் லிம்தான் குடும்பப் பெயர், பட்டியலில் லிம் டபிள்யூஎம். அதை மிங் எல்டபிள்யூ என்று எழுதினால் ஆளே மாறிவிட்டார். மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர்தான். அதிலும் அப்துல் மனாஃப் என்பது சேர்ந்த ஒரே பெயர். மென்பொருள் அதை வெட்டி 'மனாஃப்' மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே பார்த்த பட்டியலில் நான்காவது ஆளுக்கு அதுதான் நடந்திருக்கிறது. இரண்டாவது ஆசிரியர் தப்பித்தார். ஓங்குக்கும் அப்துல்லாவுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கிறதே, அந்தக் கோடு காப்பாற்றியது.

நமக்கு வருவோம். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஏ/எல், ஏ/பி என்று போட்டிருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான்: மகன், மகள் என்று பொருள். அது பெயரின் பகுதியே இல்லை, உறவைச் சொல்லும் சொல். ஆனால் கட்டுரை அனுப்பும் இணையப் படிவத்துக்கு அது தெரியாதே. என் முதல் கட்டுரையில் ஐசியில் உள்ளபடியே பெயரை அடித்தேன். வெளிவந்தபோது சாய்கோடு காணாமல் போய், என் முதலெழுத்துகளோடு ஏயும் பியும் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்றும் யாராவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினால், எனக்கே தெரியாத மூன்று முதலெழுத்துக்காரி ஒருத்திதான் அதை எழுதியவள்.

நம் பெயரில் எது முன், எது பின் என்பதும் நிலையில்லை. செம்பனையின் மரபுவளச் சேகரிப்பைப் பற்றிப் படிப்பவர்கள் 'ராஜநாயுடு என்.' என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. அந்தத் துறையின் பழைய பட்டியல்கள் பலவற்றில் அவர் அப்படித்தான் இருக்கிறார். 2013 நேச்சர் கட்டுரையில் ஆறாவதாக நிற்கும் 'நூக்கையா ஆர்' யார்? அதே ராஜநாயுடு நூக்கையாதான். ஆங்கில அகரவரிசையில் ஒருவர் ஆர் வரிசையில், இன்னொருவர் என் வரிசையில். தம்பி அவர்களை இரண்டு பேர் என்றே நினைத்திருந்தான்.

அப்படியானால் என்ன செய்வது? அந்தந்தக் கட்டுரையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுவது. அவர் யார் என்று நமக்குத் தெரியும் என்பதற்காக ஒரு பட்டியலில் இருக்கும் பெயரை இன்னொன்றுபோல் திருத்தக் கூடாது. திருத்தினால் தேடுபவருக்குக் கிடைக்காது. நம்முடைய சொந்தப் பெயருக்கு மட்டும் நமக்கு அதிகாரம் உண்டு. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, ஏ/எல், ஏ/பியை வெளியே வைத்துவிட்டு, சாகும்வரை அதை மாற்றாமல் இருக்கலாம். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற இலவசப் பதிவும் இருக்கிறது. ஆய்வாளருக்கு பதினாறு இலக்க எண் ஒன்றைத் தருவார்கள். பெயர் எப்படிக் குதறப்பட்டாலும் எண் மாறாது.

அடுத்து, எதற்கெல்லாம் மேற்கோள் வேண்டும் என்ற கேள்வி. தம்பி முன்னுரையில் எழுதியிருந்தான்: நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. மேற்கோள் இல்லை. கேட்டால், "ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே அக்கா?" என்கிறான். உண்மைதான். தென்னமரம் எங்கள் ஊர்ப் பக்கம்தான், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். ஆனால் கட்டுரையைச் சரிபார்க்கப்போகும் ரிவியூவர் பிரேசிலில் இருக்கலாம். ஊருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததற்கு மேற்கோள் வேண்டாம். செம்பனை வெப்பமண்டலப் பயிர் என்பதற்கு யாரும் ஆதாரம் கேட்கப்போவதில்லை. வருடமும் இடமும் சொன்னால் ஆதாரம் வேண்டும்.

எங்கள் ஊரின் பெயரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2007 வரை இது பத்தாங் பெர்ஜுந்தை. மலாயில் அந்தப் பெயர் வேறு மாதிரியும் ஒலிக்கும் என்பதால் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பழைய அறிக்கையின் தலைப்பில் பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்தால் பட்டியலிலும் அப்படியே இருக்க வேண்டும். புதுப் பெயரை உங்கள் சொந்த வாக்கியத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டுக்கு வருவோம். அந்த வண்டு நம் ஊர்க்காரன் இல்லை. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் பல தோட்டங்களில் ஆள் வைத்து, கையால் மகரந்தம் தூவினார்கள். இதைச் சொல்ல எல்லோரும் காட்டும் மேற்கோள், 1982இல் தி பிளான்டர் இதழில் சையத், லா, கோர்லி மூவரும் எழுதிய கட்டுரை. தம்பியும் காட்டியிருந்தான். "படிச்சியா?" என்றேன். தலையைச் சொறிந்தான். வேறொரு கட்டுரையில் பார்த்து எடுத்திருக்கிறான். இது பரவலான பழக்கம், கெட்ட பழக்கமும்கூட. முதலில் எடுத்தவர் பக்க எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால், அந்தத் தப்பு அடுத்தடுத்த கட்டுரைகளில் வாரிசாக இறங்கும். நூலகத்தில் கேட்டு மூலத்தைத் தேடிப் படிப்பதுதான் முறை. எங்கேயும் கிடைக்கவே இல்லை என்றால், சையத் குழுவினர் சொன்னதாக இன்னார் எழுதியிருக்கிறார் என்று உள்ளே எழுதி, நாம் உண்மையில் படித்த அந்த இன்னாரை மட்டும் பட்டியலில் போட வேண்டும்.

தம்பியின் பாட்டி மகரந்தம் தூவும் வேலைக்குப் போனவர். அவர் சொன்னதையும் கட்டுரையில் சேர்க்க அவனுக்கு ஆசை. சேர்க்கலாம். ஏபிஏவில் நேரடித் தகவல் என்று, சொன்னவரின் பெயரும் தேதியும் கட்டுரையின் உள்ளே மட்டும் வரும். பட்டியலில் வராது, ஏனென்றால் வேறு யாரும் போய்ப் பார்க்க முடியாத ஆதாரம் அது. பாட்டியிடம் அனுமதி கேட்டுக்கொள் என்றேன். செக்ரோலில் இல்லாமல் களத்தில் நிற்க அனுமதி உள்ள ஒரே ஆள் இவர்தான்.

இதழ்ப் பெயரைச் சுருக்குவது, டிஓஐ இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வான்கூவர் இதழ்கள் பல சுருக்கப் பெயர் கேட்கும். ஜர்னல் என்பது ஜே, ரிசர்ச் என்பது ரெஸ். ஆக, ஜர்னல் ஆஃப் ஆயில் பாம் ரிசர்ச், ஜே ஆயில் பாம் ரெஸ் ஆகிவிடும். ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கக் கூடாது, நேச்சர் என்றும் நேச்சர்தான். சொந்தமாகச் சுருக்கம் கண்டுபிடிக்காதீர்கள். ஐஎஸ்ஓ 4 என்ற தரமும், அதற்கான சொல் பட்டியலும் இருக்கின்றன. டிஓஐ என்பது கட்டுரையின் நிரந்தர எண். இணையதளம் இடம் மாறினாலும் எண் மாறாது. எப்போதும் 10 என்றுதான் தொடங்கும். மேலே சொன்ன கட்டுரைக்கு 10.1038/நேச்சர்12309. அதன் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள், சொடுக்கும்போது புள்ளியும் சேர்ந்துபோய் இணைப்பு வேலை செய்யாமல் போகலாம்.

இத்தனையையும் கையால் செய்ய வேண்டுமா? வேண்டாம். 2006இலிருந்து ஜொட்டேரோ என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். மெண்டலே, எண்ட்நோட் என்று வேறும் உண்டு. கட்டுரைகளின் விவரத்தை ஒருமுறை சேமித்துவிட்டால், வேர்டில் எழுதும்போதே உள்ளே அடையாளம், கடைசியில் பட்டியல், இரண்டும் தானாக வரும். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் எண்கள் தானே நகரும். ஓர் இதழ் நிராகரித்து அடுத்ததற்கு அனுப்பும்போது பாணியை மாற்ற இரண்டு சொடுக்கு போதும். பத்தாயிரத்துக்கும் அதிகமான பாணிகள் அதற்குக் கிடைக்கின்றன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேமிப்பில் இருந்தால் எச்சரிக்கவும் செய்யும்.

ஆனால் மென்பொருள் கிராணி இல்லை, தட்டச்சர் மட்டும்தான். கொடுத்ததைத்தான் அடிக்கும். இணையத்திலிருந்து இழுத்த விவரத்தில் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருக்கலாம். எலேயிஸ் கினீன்சிஸ் என்ற செம்பனையின் அறிவியல் பெயரில் இரண்டாம் சொல் சிறிய எழுத்தில், சாய்ந்து இருக்க வேண்டும். மென்பொருள் அதைப் பெரிய எழுத்தாக்கி நிமிர்த்தி வைத்திருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தொல்லை இல்லாததால் நம் கண் இதைக் கவனிப்பதே இல்லை. லிம்மை மிங் ஆக்குவதும் இங்கேதான் நடக்கும். எனவே ஒவ்வொரு கட்டுரையையும் சேமிக்கும் அன்றே, கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துப் பெட்டி பெட்டியாகச் சரிபாருங்கள்.

சாட்பாட்டிடம் ரெஃபரன்ஸ் கேட்கும் பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. அது தரும் பட்டியல் பார்க்க அழகாக இருக்கும். ஆசிரியர் உண்மையான ஆளாக இருப்பார், இதழும் உண்மையாக இருக்கும், அந்தக் கட்டுரை மட்டும் உலகத்தில் எழுதப்பட்டே இருக்காது. டிஓஐயைப் போட்டுப் பார்த்து, கட்டுரை திறந்து, அதைப் படித்த பிறகுதான் பட்டியலில் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் இல்லாத ஆளுக்குப் பெயர் போட்டுச் சம்பளம் எடுத்த கதைகளை அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு வேலை போகும்.

எந்தப் பாணி என்பதை முடிவு செய்வது நாமில்லை, இதழ்தான். ஆசிரியர்களுக்கான வழிகாட்டி என்று ஒரு பக்கம் அவர்கள் தளத்தில் இருக்கும். அதோடு அந்த இதழின் புதிய கட்டுரைகள் இரண்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஒன்று சொல்லி அச்சு வேறொன்று காட்டினால் நான் அச்சை நம்புவேன். சில பெரிய பதிப்பகங்கள், முதல்முறை அனுப்பும்போது எந்தப் பாணியானாலும் பரவாயில்லை, சீராக இருந்தால் போதும் என்கின்றன. அது எல்லா இதழுக்கும் பொருந்தாது, படித்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடையுங்கள்.

அனுப்புவதற்கு முந்தின நாள் பெரட்டு எடுக்க வேண்டும். நாங்கள் தம்பியின் கட்டுரையை அச்செடுத்தோம், திரையில் பார்த்தால் கண் ஏமாற்றும். அவன் உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் வருடத்தையும் உரக்கப் படித்தான். நான் பட்டியலில் டிக் போட்டேன். மூன்று பேர் கட்டுரையில் நின்றார்கள், பட்டியலில் இல்லை. இரண்டு பேர் பட்டியலில் இருந்தார்கள், கட்டுரையில் ஆளைக் காணோம். சூப்பர்வைசர் வெட்டச் சொன்ன பத்தியோடு போனவர்கள் அவர்கள். ஓர் ஆள் உள்ளே 2016, பட்டியலில் 2017. இணையத்தில் முதலில் வந்த வருடம் ஒன்று, தொகுதியில் சேர்ந்த வருடம் இன்னொன்று. தொகுதி வருடத்தை வைத்தோம்.

முடிக்கும்போது மணி பதினொன்று. கடைசியாக ஆர்க்கிட் படிவத்தைத் திறந்தான். பெயர்ப் பெட்டியில் தன் பெயரை அடித்தான். குடும்பப் பெயர்ப் பெட்டியில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. அவன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"அப்பா, இனிமே கட்டுரையில எல்லாம் உங்க பேருதான் முதல்ல வரும், என் பேருக்கு ஒரு எழுத்துதான். பரவாயில்லையா?"

"நான் என்னடா எழுதினேன்?" என்றார் அவர்.